மாரோவிண்ட் ரசிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரோவிண்ட் விளையாடுகிறேன், அதன் ரசிகர் கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொன்னதும் வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளமாகப் போய்விட்டன. பிடித்த விஷயம், அப்படித்தான் போகும்.

மாரோவிண்ட் என்றால் என்ன?

அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2002-ல் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வெளியிட்ட விளையாட்டு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது. இதற்கு முன்னால் 1994-ல் ஆரீனா, 1996-ல் டேகர்ஃபால். பின்னால் வந்தவை 2006-ல் ஒப்ளிவியன், 2011-ல் ஸ்கைரிம். ஸ்கைரிமைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மாரோவிண்ட் அதற்கு அக்கா மாதிரி.

நீங்கள் ஒரு கைதி. கப்பலின் அடித்தட்டில் கண் விழிக்கிறீர்கள். செய்டா நீன் என்ற சதுப்பு நிலக் கிராமத்தில் இறக்கி விடுகிறார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு முதியவர் உங்கள் தொழில், பிறந்த ராசி எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார். கையில் ஒரு பொட்டலம் தந்து, பால்மோரா ஊரில் இன்னாரிடம் கொண்டுபோய்ச் சேர் என்கிறார்கள். அவ்வளவுதான். வெளியே வந்தால் வார்டன்ஃபெல் என்ற எரிமலைத் தீவு முழுவதும் உங்கள் முன் கிடக்கிறது. மரத்தளவு காளான்கள், சாம்பல் புயல், முதுகு ஓட்டைக் குடைந்து ஆள் ஏற்றிச் செல்லும் ராட்சதப் பூச்சி, கோயிலுக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கும் கடவுள். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

இத்தனை பழைய விளையாட்டுக்கு இன்னுமா ஆள் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள், நிறைய. 2002-ல் பிறந்தே இராதவர்கள்கூட வந்து சேர்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இந்த விளையாட்டு நம்மை நம்புகிறது. இப்போது வரும் விளையாட்டுகளில் போக வேண்டிய இடத்தை ஓர் அம்புக்குறி காட்டிவிடும். மாரோவிண்டில் அது கிடையாது. வழி கேட்டால் வாயால்தான் சொல்வார்கள்: ஆற்றோரமாக வடக்கே போ, பாலம் தாண்டி இடது பக்கம், இரண்டு பாறைக்கு நடுவே வாசல் இருக்கும். நம் ஊரில் வழி கேட்டால் சொல்வதைப் போலவே. செய்டா நீனிலேயே ஒரு சின்ன வேலை உண்டு. ஃபார்காத் என்றொரு அப்பாவி எங்கேயோ காசு ஒளித்து வைத்திருக்கிறான், எங்கே என்று கண்டுபிடி என்கிறார் ஒரு வீரர். கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறி இரவில் காத்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு ஃபார்காத் வீட்டை விட்டு வருவான், நாலு பக்கமும் பார்ப்பான், சேற்றுக் குட்டைக்குள் இறங்கி ஓர் அடிமரத்தை நோக்கி நடப்பான். எந்த அம்பும் இல்லாமல் நம் கண்ணாலேயே அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி ஓடும்போது வரும் மகிழ்ச்சி பெரியது. அதை ஒருமுறை அனுபவித்தவர்கள் லேசில் விட மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கணினிப் பதிப்போடு பெதஸ்டா இன்னொரு வட்டையும் சேர்த்துக் கொடுத்தது. அதில் இருந்தது கன்ஸ்ட்ரக்‌ஷன் செட், அதாவது அந்த உலகத்தைக் கட்ட அவர்களே பயன்படுத்திய கருவி. மலையை உயர்த்தலாம், வீடு கட்டலாம், ஆளை நிறுத்தலாம், அவர் வாயில் பேச்சை வைக்கலாம். சமையல் செய்து பரிமாறியதோடு நிற்காமல் அடுப்பங்கரைச் சாவியையும் விருந்தாளி கையில் கொடுத்த மாதிரி. இந்தக் கூட்டத்தின் வரலாறே அந்தச் சாவியிலிருந்துதான் தொடங்குகிறது.

மாட் என்கிறார்களே, அது?

ரசிகர்கள் செய்து விளையாட்டின் மேல் சேர்க்கும் கூடுதல் கோப்பு. ஒரு வாளாக இருக்கலாம், ஒரு வீடாக இருக்கலாம், முப்பது மணி நேரக் கதையாகவும் இருக்கலாம். அசல் விளையாட்டை அது மாற்றி எழுதாது. மேலே ஒரு கண்ணாடித் தாளை வைத்து வரைவது போல. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். இன்று எத்தனையோ விளையாட்டுகளுக்கு மாட் தரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளம், 2001-ல் மாரோவிண்டுக்கான ஒரு சின்ன ரசிகர் தளமாகத் தொடங்கியதுதான். விளையாட்டே அப்போது வெளிவந்திருக்கவில்லை.

டாம்ரியல் ரீபில்ட் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

இந்தப் பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

டாம்ரியல் என்பது கதை நடக்கும் கண்டம். மாரோவிண்ட் அதன் ஒரு மாகாணம். அந்த மாகாணத்தை முழுவதுமாகக் கட்டத்தான் பெதஸ்டா முதலில் நினைத்தது. ஆனால் வேலை மலைத்துப் போகும் அளவுக்கு வளர்ந்ததால், நடுவில் இருக்கும் வார்டன்ஃபெல் தீவோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற ஊர்களெல்லாம் புத்தகத்திலும் பேச்சிலும் மட்டுமே வரும். விளையாட்டில் தீவின் தெற்குக் கரையில் நின்று பார்த்தால் வெறும் கடல்தான். எதிர்க்கரையில் பெரிய நிலம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், நீந்திப் போனால் எதுவும் இருக்காது.

அந்த எதிர்க்கரையைக் கட்டுவதுதான் டாம்ரியல் ரீபில்ட். 2001-ல், விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே, இதற்கென்று ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தொடக்கத்தில் கண்டம் முழுவதையும் கட்டிவிடலாம் என்ற துடிப்பு இருந்தது. அனுபவம் வர வர, மாரோவிண்டின் பெருநிலப் பகுதி மட்டும் போதும், அதை ஒழுங்காகச் செய்வோம் என்று சுருக்கிக்கொண்டார்கள். 2006-ல் வடகிழக்கில் உள்ள டெல்வானிஸ் பகுதி வெளிவந்தது. 2025-ல் தெற்கே நார்சிஸ் நகரமும் அதைச் சுற்றிய நாடும் வந்தன. நடுவே ஓல்ட் எபன்ஹார்ட், நெக்ரோம் போன்ற நகரங்கள், எண்ணற்ற கிராமங்கள், குகைகள், கல்லறைகள். இன்னும் முடியவில்லை. தொடங்கியவர்களில் பலர் எப்போதோ விலகிவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் எடுத்துச் செய்கிறார்.

அண்டை மாகாணங்களுக்கு ப்ராஜெக்ட் டாம்ரியல் என்ற பெயரில் தனிக் குழுக்கள் இருக்கின்றன. ஸ்கைரிம், சைரோடீல் மாகாணங்களை மாரோவிண்ட் விளையாட்டுக்கு உள்ளேயே கட்டுகிறார்கள். மேசை, நாற்காலி, கல், மரம் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் கோப்பு வைத்திருப்பதால், ஒரு குழு செய்த பானையை இன்னொரு குழு எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படிதான் வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

என்னை இன்றும் அசர வைப்பது வேறொரு விஷயம். இவர்கள் தங்கள் பழைய வேலையையே பிரித்துப் போட்டு மறுபடி கட்டுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட ஒரு பகுதி இன்றைய தரத்துக்கு இல்லை என்று பட்டால், இடித்துவிட்டுத் திரும்பச் செய்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை. ஆனாலும் செய்கிறார்கள்.

ஒரு வீடு கட்டுவது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

நான் பயிற்சிக்காகச் செய்த முதல் குடிசையைச் சொல்கிறேன். ஒரு மீனவர் வீடு, ஒற்றை அறை. கருவியைத் திறந்து காலி அறை ஒன்றை உண்டாக்கி, சுவர்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். துண்டுகள் சரியாக ஒட்டவில்லை என்றால் மூலையில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், அதன் வழியே வெறுமை தெரியும். அப்புறம் கட்டில், மேசை, அடுப்பு. ஒரு பொருளைத் தேர்ந்து எஃப் விசையை அழுத்தினால் அது கீழே இருக்கும் பரப்பில் போய் உட்காரும். எல்லா நேரமும் சரியாக உட்காராது. கோப்பை மேசைக்கு மேல் ஒரு விரற்கடை மிதக்கும், இல்லையென்றால் பாதி புதைந்திருக்கும். கண்ணைத் தாழ்த்தி, பக்கவாட்டில் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

அதோடு முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் உடைமையாளர் யார் என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கண் எதிரேயே அவர் ரொட்டியை எடுத்தாலும் திருட்டு ஆகாது. ஆள் நடமாடுவதற்குப் புள்ளிகளும் கோடுகளும் போட்டு வழி வரைய வேண்டும். வரையாவிட்டால் அவர் சுவரில் முட்டிக்கொண்டே நிற்பார். விளக்கு வைக்கிற இடத்தில் வெளிச்சத்தின் அளவு, நிறம் எல்லாம் தனி.

மூன்று மாலை வேலை செய்து, மற்றவர்களிடம் காட்டினேன். முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டு நீளமாக எழுதியிருந்தார். மிதக்கும் கரண்டி ஒன்று, புதைந்த கூடை ஒன்று. கடைசியாக ஒரு கேள்வி: இவர் மீனவர் என்கிறீர்கள், வலை எங்கே? ஈரத் துணியை எங்கே காயப்போடுகிறார்? அந்த இரண்டு கேள்வியில்தான் எனக்கு இந்த வேலை புரிந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொடியைக் கட்டி வலையைத் தொங்கவிட்டேன். அதுவரை சாமான் அடுக்கிய அறையாக இருந்தது, அப்போதுதான் வீடாக மாறியது.

முதலாளியும் சம்பளமும் இல்லாமல் இது எப்படி ஒழுங்காக நடக்கிறது?

ஊர் கூடித் தேர் இழுப்பது போல என்று சொல்லலாம். ஆனால் தேருக்கும் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் வேண்டுமே.

டாம்ரியல் ரீபில்டில் நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒருவர் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். முடித்து ஒப்படைத்ததும் அனுபவமுள்ள வேறொருவர் பரிசீலித்து, பெரிய கோப்போடு இணைக்கிறார். வெளி நிலம் முதலில், வீட்டு உட்புறங்கள் பிறகு, அதன் பின் ஆட்கள், அவர்கள் பேச்சு, கடைசியில் கதைகள். புதிதாக வருபவர் தன் கைவேலையை ஒரு மாதிரி செய்து காட்ட வேண்டும். அதில் தேறிய பிறகுதான் துண்டு கிடைக்கும். வாங்கிய துண்டை ஒருவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அது திரும்பப் பொதுவுக்கு வரும், யார் மேலும் கோபம் கிடையாது. வேலை, பரீட்சை, குழந்தை என்று ஆளுக்கொரு வாழ்க்கை இருக்கிறது, அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

72 அமைப்புகள் என்று அடிக்கடி சொல்கிறார்களே?

பழைய ஆட்களின் கதை இது. மாரோவிண்டுக்கு 2002-ல் ட்ரைப்யூனல், 2003-ல் பிளட்மூன் என்று இரண்டு கூடுதல் கதை இணைப்புகள் வந்தன. அவற்றோடு கருவியும் புதுப்பிக்கப்பட்டது. அதில் ஒரு கோளாறு. இணைப்புகளைச் சேர்க்காமல் யாராவது மாட் செய்து சேமித்தால், கருவி அவருக்குத் தெரியாமலேயே 72 அமைப்புகளை, அதாவது விளையாட்டின் செட்டிங்குகளை, அந்தக் கோப்பில் திணித்துவிடும். அந்த மாட்டைப் போட்டவருக்கு, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத வேறொரு இடத்தில் விளையாட்டு தாறுமாறாக நடக்கும். வீட்டுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டதற்குக் கொல்லைப்புறக் குழாய் உடைந்த கதை.

ரசிகர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், எண்ணினார்கள், அவற்றைத் துடைத்தெடுக்கும் சிறு நிரல்களையும் எழுதினார்கள். இன்றும் மாட் வெளியிடும் முன் அதைச் சுத்தம் செய்வது மரியாதை. செய்யாமல் போட்டால் முதல் பின்னூட்டமே அதைப் பற்றித்தான் இருக்கும்.

பழைய மாட்கள் எல்லாம் இன்னும் கிடைக்கின்றனவா?

எல்லாம் கிடைக்காது. சொல்லவே வருத்தமாக இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் மாட்களை வைத்திருந்த தளங்கள் பல ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாடகை கட்ட ஆள் இல்லாமல் போனவை சில, பெரிய நிறுவனம் கைவிட்டவை சில. எத்தனையோ பேரின் இரவு நேர உழைப்பு அதோடு போயிற்று.

ஆனால் இதற்கென்றே பாடுபட்டவர்கள் உண்டு. பழைய வட்டுகளையும் வன்தட்டுகளையும் துழாவி, கிடைத்ததையெல்லாம் மாரோவிண்ட் மாடிங் ஹிஸ்டரி என்ற சேகரத்தில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தகவல் பக்கம் வேறு. 1995-லிருந்து இருக்கும் யுஇஎஸ்பி என்ற ரசிகர் தளம், 2005-ல் விக்கியாக மாறியது. விளையாட்டில் எந்த ஊரில் எந்தக் கடைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பது வரை அதில் இருக்கிறது. விளையாட்டுக்குள் வரும் நூற்றுக்கணக்கான புத்தகங்களை எழுத்துக்கு எழுத்து எடுத்து வைத்திருப்பது இம்பீரியல் லைப்ரரி. ஒரு நிறுவனம் தன் படைப்புக்குச் செய்யாத ஆவணப் பணியை வாசகர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

ஓபன்எம்டபிள்யூ என்பது மாட்டா?

இல்லை. வீட்டுச் சாமான்களை அப்படியே வைத்துக்கொண்டு அஸ்திவாரத்தைப் புதிதாகப் போடுவது போன்ற வேலை. ஒரு விளையாட்டில் படம், ஒலி, பேச்சு, வரைபடம் எல்லாம் ஒரு பக்கம். அவற்றைப் படித்து ஓட்டும் எஞ்சின் மறுபக்கம். மாரோவிண்டின் எஞ்சின் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது, பழைய பிழைகள் அப்படியே கிடக்கின்றன. அதன் மூல நிரல் வெளியே கிடையாது. 2008-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் அதேபோல் நடந்துகொள்ளும் புதிய எஞ்சினை வெறும் கவனிப்பின் மூலம் எழுதினார்கள். விளையாட்டில் ஒன்றைச் செய்து பார்ப்பது, என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்வது, அதேபோல் நடக்கும்படி எழுதுவது. வாள் வீச்சு எத்தனை முறை தவறுகிறது, கடைக்காரர் எவ்வளவு பேரம் பேசுவார் என்று ஒவ்வொரு கணக்கையும் இப்படித்தான் பிடித்தார்கள்.

இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடுகிறது. முழுக் கதையையும் முடிக்கலாம். நிரல் யாருக்கும் இலவசம், ஆனால் அசல் விளையாட்டை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் படமும் பேச்சும் அதிலிருந்துதான் வருகின்றன. இதன் மேல் கட்டிய டிஇஎஸ்3எம்பி மூலம் நண்பர்கள் சேர்ந்தே விளையாடலாம். தனியாக மட்டும் விளையாட வந்த ஒன்றில் இன்னொருவர் நம் பக்கத்தில் நடந்து வருவதைப் பார்ப்பது விசித்திரமான சந்தோஷம்.

நிறுவனம் தடுக்கவில்லையா? இதில் காசு பார்க்கலாமா?

தடுக்கவில்லை. கருவியோடு வந்த ஒப்பந்தம் ஒன்று உண்டு, மாட்களை விற்கக் கூடாது என்பது அதன் சாரம். இலவசமாகப் பகிரும் வரை பிரச்சினை இல்லை.

2015 ஏப்ரலில் ஒரு சோதனை நடந்தது. ஸ்கைரிமின் மாட்களை ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசுக்கு விற்கலாம் என்று, அதை நடத்தும் வால்வும் பெதஸ்டாவும் அறிவித்தன. செய்தவருக்கு 25 சதவீதம். எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். உழைத்தவருக்குக் காசு போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் ஒரு மாட்டில் பத்துப் பேரின் பானையும் கதவும் இருக்கும். ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்து வளர்ந்த இடத்தில் திடீரென்று விலைச்சீட்டு ஒட்டினால், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும். அந்தச் சில நாட்களிலேயே அது தெரிந்தது.

ரசிகர்கள் சொன்னது விளையாட்டுக்குள் போனதுண்டா?

உண்டு, இரண்டு சொல்கிறேன்.

மாரோவிண்டில் கிளிஃப் ரேசர் என்றொரு பறக்கும் பிராணி. எங்கே போனாலும் தலைக்கு மேல் கீச்சென்று கத்திக்கொண்டு வந்து கொத்தும். விளையாடிய அத்தனை பேரும் அதைத் திட்டினார்கள். அடுத்து வந்த ஒப்ளிவியனில் ஒரு செய்தி காதில் விழும்: ஜியூப் என்பவர் கிளிஃப் ரேசர்களை வார்டன்ஃபெலை விட்டே விரட்டியடித்தார், அதற்காக அவரைப் புனிதராக ஆக்கிவிட்டார்கள் என்று. ஜியூப் யார் தெரியுமா? மாரோவிண்டின் முதல் காட்சியில், கப்பலில் நம்மை எழுப்பிவிடும் சக கைதி. சில நொடிகள் மட்டும் வந்து போனவர். ஸ்கைரிமின் டான்கார்ட் இணைப்பில், செத்தவர்களின் உலகத்தில் அவரை நேரிலேயே பார்க்கலாம், தன் சரிதையின் பக்கங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று ஸ்கைரிமில். ரோரிக்ஸ்டெட் கிராமத்தில் எரிக் என்று ஒரு சத்திரக்காரர் மகன். வயலில் நிற்பான், ஊர் சுற்றி வீரச்செயல் செய்ய ஆசை, அப்பா விடமாட்டார். நீங்கள் அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினால் கவசம் போட்டுக்கொண்டு உங்களோடு கிளம்பிவிடுவான். அந்த விளையாட்டு வெளிவரும் முன்பே புற்றுநோயால் இறந்துபோன ஓர் இளம் ரசிகரின் நினைவாக வைத்த பாத்திரம் அது. அது தெரிந்த பிறகு, எத்தனை அவசரமாக இருந்தாலும் நான் அந்த ஊரில் நின்று அவனைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

சண்டையே வராதா?

வரும். புராணம், வரலாறு பற்றிய வாதம் ஓயவே ஓயாது. கதையில் வரும் பழங்கால வீரத் தலைவர் நெரெவார் எப்படிச் செத்தார் என்பதை விளையாட்டு ஒன்றுக்கொன்று முரணான பல விதங்களில் சொல்கிறது, யார் சொல்வது உண்மை என்று அறுதியிட்டுச் சொல்லவே சொல்லாது. அதனால் கொலை விசாரணை இருபது வருடமாக நடக்கிறது. அந்தச் சண்டையில் யாருக்கும் காயமில்லை.

வலி தரும் சண்டை அனுமதி பற்றியது. நான் செய்த மாட்டை என்னைக் கேட்காமல் திருத்தலாமா, நான் வேண்டாம் என்று அழித்தால் அது போய்விட வேண்டுமா? 2021-ல் நெக்ஸஸ் மாட்ஸ், இனி கோப்புகளை முழுவதுமாக அழிக்க முடியாது என்று விதி மாற்றியபோது, பழைய கைகள் சிலர் தங்கள் படைப்புகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். செய்தவரின் உரிமை ஒரு பக்கம், அதை நம்பி நூறு பேர் கட்டிய உலகம் மறுபக்கம். காணாமல் போன மாட்களை நினைக்கும்போது நான் காப்பவர்கள் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் விலகிப் போனவர்களின் கோபமும் எனக்குப் புரியாமல் இல்லை.

ஸ்கைவிண்ட்?

மாரோவிண்டை ஸ்கைரிமின் எஞ்சினில் முழுக்கப் புதிதாகச் செய்யும் முயற்சி. ஒரு விளையாட்டின் கோப்புகளை இன்னொன்றுக்குத் தூக்கிப் போட நிறுவனம் அனுமதிப்பதில்லை, அதனால் ஒவ்வொரு கதவையும் கிண்ணத்தையும் அவர்களே புதிதாக வடிக்கிறார்கள். பழைய விளையாட்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்தாகவே வரும். ஸ்கைவிண்டில் அத்தனைக்கும் தன்னார்வலர்கள் குரல் கொடுக்கிறார்கள். வரும்போது வரும்.

நான் எங்கே தொடங்க வேண்டும்?

மாட் எதுவும் போடாமல் தொடங்குங்கள். புதிதாக வருபவர் இருநூறு மாட்களை ஒரே நாளில் ஏற்றி, எது எதோடு மோதுகிறது என்று தெரியாமல் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, செய்டா நீனைத் தாண்டாமலேயே போய்விடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ் ஒன்றை மட்டும் போடுங்கள், அது பிழைகளைத் திருத்துவதோடு நிற்கும். எஞ்சினுக்கு ஓபன்எம்டபிள்யூ.

தொடக்கத்தில் வாளை வீசினால் படவே படாது. பயப்பட வேண்டாம். உங்களுக்குப் பழக்கமான ஆயுதத்தை எடுங்கள், தெம்பைக் காட்டும் கோடு நிறைந்திருக்கும்போது சண்டை போடுங்கள், ஓடிக்கொண்டே போய்ச் சண்டைக்குள் விழாதீர்கள். பாதி பேர் விட்டுவிட்டுப் போவது இந்த ஒன்று தெரியாமல்தான். டாம்ரியல் ரீபில்டை இரண்டாவது முறை விளையாடும்போது சேர்த்துக்கொள்ளலாம். தெற்குக் கரையில் வெறும் கடலை ஒருமுறை பார்த்திருந்தால்தான், அங்கே நிலம் தெரியும்போது அதன் அருமை புரியும்.

தமிழில் விளையாட முடியுமா?

இப்போதைக்கு முடியாது. அந்த எஞ்சின் எழுத்துகளை ஒற்றை பைட் அட்டவணையில் வைக்கிறது, மொத்தம் 256 இடம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு ஒரு அட்டவணை, போலிஷ் போன்றவற்றுக்கு ஒன்று, ரஷ்யனுக்கு ஒன்று. தமிழுக்கு அதில் இடமில்லை. அதுவும் "கொ" என்று எழுத மெய்யின் இரண்டு பக்கமும் குறி வர வேண்டும், அந்தச் சங்கதி அதற்குத் தெரியாது. ஓபன்எம்டபிள்யூ புதிய பகுதிகளில் யூனிகோடை ஏற்கிறது, அதனால் என்றாவது வழி பிறக்கலாம். அதுவரை விளையாட்டுக்குள் வரும் சிறு புத்தகங்களைப் படித்துவிட்டு நண்பர்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. என்னால் என்ன செய்ய முடியும்?

நிறைய. புதிய பகுதி வெளிவரும் முன் ஊர் ஊராக நடந்து பார்த்து, எந்தப் பாறை மிதக்கிறது, எந்தக் கதவு திறக்கவில்லை என்று குறித்துக் கொடுக்க ஆள் எப்போதும் தேவை. எழுத வருமென்றால் ஊர்க்காரர்களின் பேச்சை எழுதலாம், வரைய வருமென்றால் வீடு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டலாம். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. அங்கே பாதி பேருக்கு அது இரண்டாம் மொழிதான்.

விளையாட்டு பிறந்த மாதம் என்பதால் ஒவ்வொரு மே மாதமும் மாடத்தான் ஒன்று நடத்துகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் எதையாவது செய்து வெளியிட வேண்டும், பெரியது சிறியது என்ற கணக்கு இல்லை. கருவியை ஏப்ரலிலேயே திறந்து பழகிக்கொள்ளுங்கள். அடிக்கடி சேமியுங்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். முதல் அறையை யாரிடமாவது காட்டும் முன், கோப்பைகளைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.